கல்லூரியில் இரட்டை மேஜர் எடுக்கலாமா?

ஒரே பட்டத்துக்குள் இரண்டு பாடங்களை முதன்மைப் பாடங்களாகக் கொண்டு படிப்பதே இரட்டை மேஜர். துணைப் பாடத்தைப் போலன்றி, இரண்டிலும் ஆழமான தாள்களை முடித்தாக வேண்டும்.

எடுக்கலாமா என்பதற்கு விடை, அவ்விரு பாடங்களும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்பதில் இருக்கிறது. கணிதமும் இயற்பியலும் சேரும்போது நுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் இரண்டுக்கும் உதவுவதால் உழைப்பு இருமடங்காவதில்லை. வேதியியலோடு வரலாறு சேர்ந்தால் பொதுவான தாள் அநேகமாக இராது; விருப்பப் பாடங்களுக்கான இடமும் போய்விடும்.

நம் குமரி மாவட்டத்துத் தோப்புகளைப் பாருங்கள். உயர்ந்த தென்னைகளின் ஓலைகளுக்கு ஊடே வெயில் இறங்குவதாலும், வாழைக்குப் பாய்ச்சும் நீர் தென்னைக்கும் சேர்வதாலும், அங்கே இரண்டும் செழிக்கின்றன. ரப்பர் தோட்டத்திலோ அன்னாசியும் வாழையும் முதல் சில ஆண்டுகளுக்கே தேறும். மரங்கள் கிளைத்து மூடியபின் அந்த நிழலில் அவை நிற்பதில்லை. முதலாண்டில் எளிதாகத் தோன்றும் இரண்டாவது மேஜரும் மூன்றாம் ஆண்டில் அவ்வாறே நெருக்கக்கூடும் என்பதால், இறுதியாண்டுப் பாடத்திட்டத்தை முதலில் படித்துவிட்டு முடிவெடுங்கள். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் மாணவர், ஆய்வக வகுப்பு முடிந்து வீடு சேரும் நேரத்தையும் கணக்கிட வேண்டும்; பெற்றோர் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இரட்டை மேஜர் முடித்தால் இரண்டு பட்டங்கள் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கிடைப்பது ஒரே பட்டம்தான், ஒரே காலத்தில் இரண்டு தனிப் பட்டங்களைப் படிப்பது 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்த வேறொரு ஏற்பாடு.