பாசி எடுக்கிற உடம்புக்கும் பயிற்சி வேண்டுமா?

கே: மண்டபம் பக்கம் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறேன். வயது 49. மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆகிறது. நாளெல்லாம் உழைக்கிற எனக்கும் உடற்பயிற்சி தேவையா?

ப: தேவைதான், சகோதரி. மாதவிலக்கு நின்றதையொட்டிய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் எலும்பு வேகமாக மெலிகிறது, தசையும் வற்றுகிறது. பாரம் தாங்கினால்தான் எலும்பு உறுதிப்படும். நீங்கள் மூச்சடக்கி முங்கும்போது உங்கள் எடையைக் கடல் தாங்கிக்கொள்கிறது. நெஞ்சுக்கும் தோளுக்கும் அது நல்ல வேலை. இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் போதாது. கரையேறியதும் எல்லாம் தலைகீழ். ஈரப் பாசி மூட்டையை முதுகை வளைத்து வெடுக்கென்று தூக்குவீர்கள். மெலிந்த முதுகெலும்பு நொறுங்க அது ஒன்றே போதும். மூட்டையை ஒட்டி நின்று, முழங்காலை மடக்கி, அதை உடம்போடு அணைத்தபடி எழுந்திருங்கள். ஒரு மூட்டையை இரண்டாகக் கட்டினால்தான் என்ன குறைந்துவிடும்?

வாரத்தில் இரண்டு நாள், கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, நாற்காலியில் கையூன்றாமல் 10 முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். அது எளிதாகிவிட்டால் இரண்டு கைகளிலும் தண்ணீர் நிரம்பிய பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். கூடாவிட்டால் உடம்பு பழகிக்கொண்டு சும்மா இருந்துவிடும்.

கே: இருமினால், குடம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (தங்கச்சிமடம், 52)

ப: கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் பலர். நம் ஊர் வெயிலில் அது வேறு வம்பு. காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் அடிப்பகுதித் தசையை உள்ளிழுத்து 5 விநாடி பிடியுங்கள். 5 விநாடி தளர்த்துங்கள். வேளைக்கு 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். குடத்தைத் தூக்குமுன் அதே இறுக்கத்தைக் கொடுங்கள். தள்ளுவண்டி இருந்தால் குடத்தை அதில் வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கே: வெளியே நடக்கப் போக வசதியில்லை. வீட்டிலேயே என்ன செய்யலாம்? (கீழக்கரை, 55)

ப: மாடிப்படி ஏறி இறங்கலாம். சுவரில் கையூன்றித் தள்ளலாம். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கலாம். பிற்காலத்தில் கீழே விழாமல் காப்பது இந்தப் பழக்கம்தான். பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும் வேலை வாரத்துக்கு 150 நிமிடம் போதும். வெயில் படாமலே இருப்பவர் வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

கே: திடீர் திடீரென்று உடம்பு அனலாகக் கொதிக்கிறது. பயிற்சி செய்தால் நிற்குமா? (தொண்டி, 50)

ப: நிற்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. தூக்கமும் மனநிலையும் தேறும். விடியற்காலையில் செய்யுங்கள்.

கே: மாதவிலக்கு நின்று இரண்டு ஆண்டு கழித்து, பயிற்சி தொடங்கிய பிறகு மறுபடி உதிரம் பட்டது. இளமை திரும்புகிறது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. (சாயல்குடி, 54)

ப: பயிற்சியின் மேல் பழி போடாதீர்கள், அக்காவின் பேச்சையும் நம்பாதீர்கள். ஒரு துளியானாலும் இந்த வாரமே மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இப்படித்தான் வரும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.