கவசத்தின் உட்புறம்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தின் நியூகாசிலில் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன். சென்ற கோடையில் குழந்தைகளுடன், ரோமர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்க்கச் சென்றபோது, ரோமப் படைவீரர்களாக உடுத்திய ஒரு குழுவினர் அணிவகுத்துக் காட்டினார்கள். எர்மின் ஸ்ட்ரீட் கார்ட் என்று பெயர். 1972இல் தொடங்கிய குழுவாம். ஐம்பதாண்டு நிறைவை எல்லோரும் கூடிக் கொண்டாடியதைப் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அது வேலையற்றவர்களின் மாறுவேடப் போட்டியாகவே பட்டது. நாடு பிடித்த ஒரு படையின் உடையை அணிந்து ஆண்டுவிழா எடுப்பதில் என்ன இருக்கிறது? முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் இவர்கள்தானா? பதினைந்து வயதாகும் என் மகன் இப்படி ஒரு குழுவில் சேர வேண்டும் என்கிறான். அனுமதிக்கலாமா?

செ.

அன்புள்ள செ.,

கையால் செய்து பெறும் அறிவை நம்மவர்கள் ஏன் அறிவாகவே கணக்கில் கொள்வதில்லை என்ற எண்ணம் சில காலமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் அந்த இடத்தைத் தொட்டுவிட்டது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

யவனர் பற்றிய கேள்வியை விட்டுவிடலாம். நம் பாடல்களில் கிரேக்கர், ரோமர் என்று பாராமல் மேற்கிலிருந்து வந்தோர் பலரும் யவனரே. அந்தப் பாசறைக் காவலர்களையும் பிரிட்டனில் நின்ற ரோமப் படையையும் முடிச்சுப்போட நம்மிடம் ஆதாரம் ஏதுமில்லை.

‘வேலையற்றவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. குளோஸ்டர்ஷயரில் விட்கோம்ப், பென்தம் என்ற இரு சிற்றூர்கள் நடத்திய ஊர்விழாவிலிருந்து முளைத்த குழு அது. அவ்வழியே செல்லும் பழைய ரோமச் சாலையின் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். விழா முடிந்ததும் உடைகளை மூட்டைகட்டி வைத்திருந்தால் நீங்கள் சொல்வது பொருந்தியிருக்கும். அவர்களோ கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஒரு ரோமப் போர்வீரனிடம் இருந்த ஒவ்வொரு பொருளையும், அகழாய்வில் கிடைத்தவற்றை அளந்து பார்த்து, தாங்களே செய்யத் தொடங்கினார்கள்.

அவர்கள் அணிந்திருந்த இரும்புப்பட்டைக் கவசத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? அதன் உட்புறத்தைப் பார்த்தீர்களா? ரோமில் பேரரசர் திரயானின் வெற்றியைச் சொல்லும் திரயான் தூணின் சிற்பங்களில் கவசத்தின் வெளிப்புறம் மட்டுமே தெரியும். அந்தப் பட்டைகள் எதன்மேல் நின்றன என்பது அறிஞர்களுக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. தோல் மேலங்கியின்மேல் தைத்திருப்பார்கள் என்று எண்ணியோர் உண்டு. 1964இல், நீங்கள் வசிக்கும் ஊருக்கு அருகிலுள்ள கார்பிரிட்ஜில், இரும்புப் பட்டை அடித்த ஒரு மரப்பெட்டி மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. அதற்குள் கவசத் துண்டுகளும் ஈட்டிமுனைகளும் கருவிகளும் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. லண்டன் கோபுரத்து ஆயுதசாலையில் பணியாற்றிய ரஸ்ஸல் ராபின்சன், அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு கவசத்தைத் திரும்பச் செய்து பார்த்தார். பட்டைகள் உட்புறத் தோல்வார்களில் ஆணியிட்டுக் கோக்கப்பட்டிருந்தன. அதனால்தான் வீரன் குனியும்போது அவை ஒன்றினுள் ஒன்று சரிந்து இடம் கொடுத்தன. எர்மின் ஸ்ட்ரீட் குழுவினர் கவசம் செய்யக் கற்றது அவருடைய வழிகாட்டுதலில்தான்.

செய்தபின் அணிய வேண்டும் அல்லவா? ஒன்பது கிலோ அளவுள்ள இரும்பைத் தோளில் ஏற்றி ஒரு பகல் நடந்தவருக்கு, உள்ளே தடித்த மெத்தைச் சட்டை இல்லாமல் அது ஆகாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூணின் சிற்பங்களில் வீரர்கள் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருப்பது ஏன் என்பதையும் கழுத்து தோலுரிந்தவர் உடனே அறிவார். பித்தளைக் கீல்களும் கொக்கிகளும் எளிதில் உடைகின்றன. அகழாய்வுகளில் அவை ஏன் அத்தனை கிடைக்கின்றன என்பதை, தன் கொக்கியைத் தானே பழுதுபார்த்தவர் புரிந்துகொள்ளும் விதமே வேறு. படிப்பாளி ஊகிக்க வேண்டியதை இவர்களின் உடம்பு சொல்லிவிடுகிறது. இதை வேலையின்மை என்று அழைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

என் பெரியப்பா ராணுவத்தில் இருந்தவர். அவர் போரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகும் ஞாயிறுதோறும் திண்ணையில் அமர்ந்து, ஆணி அடித்த அந்தப் பழைய பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவார். பழைய பனியன் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, பூட்ஸின் மூக்கு முனையில் சிறு சிறு வட்டங்களாகத் தேய்ப்பார். சிமென்ட் தரையில் அந்த பூட்ஸோடு ஓடினால் வழுக்கும் என்பதை எனக்கு நடந்தே காட்டினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியரான ஜொசிஃபஸின் யூதப் போர் வரலாற்றைப் படித்தேன். கி.பி. 70இல் ஜெருசலேம் ஆலயத்தில் ஜூலியானஸ் என்ற செஞ்சூரியன், அதாவது ரோமப் படையின் நூற்றுவர் தலைவன், தனியொருவனாக எதிரிகளை விரட்டிச் செல்கிறான். செருப்பின் ஆணிகள் கல்தளத்தில் வழுக்க, மல்லாந்து விழுந்து கொல்லப்படுகிறான். புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் பெரியப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் காலடியில் அந்த ஆணிகள் எழுப்பிய ஓசையைக் கேட்டிராவிட்டால் அந்த வரிகளை ஒரு தகவலாகவே கடந்து போயிருப்பேன். பெரியப்பா இறந்தபின் அந்த பூட்ஸைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள். படித்தவர்கள்தான், உங்களைப் போன்றவர்கள்தான் போட்டார்கள்.

ஆண்டுவிழாவில் என்ன இருக்கிறது என்கிறீர்கள். ஹேட்ரியன் சுவருக்கு அருகே விண்டோலாண்டாக் கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும் மரத்தகடுகளில், காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பியதாக ஒரு கடிதம் இருக்கிறது. ஒரு தளபதியின் மனைவியான கிளாடியா செவெரா, தன் பிறந்தநாளுக்கு வரச்சொல்லி இன்னொரு தளபதியின் மனைவியை அழைக்கும் கடிதமும் இருக்கிறது. குளிரிலும் மழையிலும் ஒன்றாக நின்றவர்கள் ஒரு நாளைக் குறித்துவைத்துக் கூடி உண்பது அந்த மண்ணில் அன்றும் இருந்தது. செய்யக் கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்து ஐம்பதாண்டு அறுபடாமல் வந்திருக்கிறது என்றால், அதைக் கொண்டாடத்தான் வேண்டும்.

நாடு பிடித்த படை என்று நீங்கள் சொன்னது உண்மை. ரோமரை எதிர்த்தெழுந்த பிரிட்டன் அரசி பௌடிக்காவின் கிளர்ச்சியை அந்தப் படை நசுக்கிய விதத்தையும், அதன் பின்னால் சங்கிலியில் நடந்த அடிமைகளையும் பளபளக்கும் கவசம் மறைத்துவிடக் கூடாது. ஆனால் இதை என்னிடம் கேட்டு என்ன பயன்? கவசம் அணிந்தவர் பத்தடி தொலைவில்தானே நின்றிருந்தார்?

மகனை அனுப்புங்கள். அதற்குமுன் அவனைக் கார்பிரிட்ஜ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச்சென்று அந்தப் பெட்டியிலிருந்து கிடைத்தவற்றைக் காட்டுங்கள். அடுத்த முறை அக்குழுவினரைக் கண்டால் கவசத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், எந்தக் கொக்கி கடைசியாக உடைந்தது என்று கேளுங்கள். அந்தப் படை யாரையெல்லாம் அடிமையாக விற்றது என்றும் கேளுங்கள். அதற்கு விடையில்லாமல் நின்றால் தாராளமாகக் கண்டித்து எழுதுங்கள்; நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.