‘இன்று உங்களிடம் எடுக்க முடியாது’ – ரத்ததானம் குறித்து வாசகர் கேள்விகள்

ரத்தம் கொடுக்கப் போய், கொடுக்க முடியாமல் திரும்பியவர்களின் கடிதங்களே இந்த முறை அதிகம். படிவம் நிரப்பி, விரலில் குத்து வாங்கி, கடைசியில் ‘உங்களிடம் எடுக்க முடியாது’ என்று கேட்டால் யாருக்கும் மனம் சுருங்கும். ஒவ்வொரு மறுப்புக்கும் இரண்டில் ஒரு காரணம் உண்டு: கொடுப்பவரைக் காப்பது, அல்லது பெறுபவரைக் காப்பது. உங்கள் மறுப்பு இதில் எந்த வகை என்று தெரிந்துகொண்டால், அடுத்து என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும். விதிகளின் எண்ணிக்கைகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். காரணங்கள் எங்கும் ஒன்றுதான்.

கேள்வி: இரண்டு முறை போனேன். ஹீமோகுளோபின் 11.8, 12.1 என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சோர்வே இல்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுவிட்டு அடுத்த மாதம் போகலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பல ரத்த வங்கிகளில் குறைந்தபட்ச அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 12.5 கிராம். சில நாடுகளில் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். 450 மில்லி ரத்தம் கொடுத்தால் அதனோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பும் போய்விடும். உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு உறிஞ்சுவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மாதவிடாய் உள்ள பெண்களின் சேமிப்பே சுமார் 300 மில்லிகிராம். பலருக்கு அதுவும் இருக்காது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் மறுத்தார்கள் என்பது புரியும். சோர்வு இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மெல்லக் குறையும் ரத்தத்துக்கு உடல் பழகிவிடும்.

முதலில், அந்த அளவு சரிதானா என்று பாருங்கள். முகாம்களில் பெரும்பாலும் விரல் நுனி ரத்தத்தில்தான் பார்ப்பார்கள். 1.053 ஒப்படர்த்தி உள்ள காப்பர் சல்பேட் கரைசலில் ஒரு சொட்டு விடுவார்கள். 15 விநாடிக்குள் மூழ்கினால் 12.5 இருக்கிறது என்று பொருள். விரலைப் பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்து சொட்டு நீர்த்துப்போகும். சொட்டில் காற்றுக்குமிழி இருந்தாலும் மிதக்கும். கை சில்லிட்டிருந்தால் ரத்தம் சரியாக வராது, பிழிய வேண்டிவரும். அதனால் குத்துவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு பரிசோதனைக் கூடத்தில் கையின் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து முழு ரத்த எண்ணிக்கையும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். காய்ச்சல் இருக்கும்போது பார்க்காதீர்கள். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். ஃபெரிட்டின் குறைவு என்றால் இரும்புக் குறைபாடு உறுதி. அடுத்த கேள்வி, இரும்பு எங்கே போகிறது என்பது: அதிக உதிரப்போக்கு, மூலம், குடற்புண், கொக்கிப்புழு. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், மாத்திரை மட்டும் தந்து விட்டுவிடக் கூடாது. வயிற்றிலோ குடலிலோ கசிவு இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும்.

ஃபெரிட்டின் சரியாக இருந்து, சிவப்பணுக்கள் மட்டும் சிறியவையாக இருந்தால் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) மரபணு தாங்கியா என்று பார்க்க வேண்டும். அவர்களுக்கு இரும்பு மாத்திரையால் பயன் இல்லை. இந்த மறுப்பு வழியாக அது தெரியவந்தால் நல்லதுதான்; கணவன் மனைவி இருவருமே தாங்கிகளாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. துணைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மாத்திரை எடுப்பதானால் அளவை மருத்துவர் சொல்லட்டும். வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சும். தேநீர், காபி, கால்சியம் மாத்திரை, அமிலக்குறைப்பு மருந்து ஆகியவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் எடுத்தால் உடலே உறிஞ்சும் வழியைக் கொஞ்சம் அடைத்துக்கொள்கிறது. மலம் கறுத்துப் போவது இயல்பு. சில வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறிவிடும். அங்கேதான் பலரும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதமாவது ஆகும். அதுவரை ரத்தம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: என் எடை 47 கிலோ. ஓர் இடத்தில் மறுத்தார்கள், வேறோர் இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. பெண்களுக்குக் கிலோவுக்குச் சுமார் 65 மில்லி, ஆண்களுக்கு 70 மில்லி ரத்தம் இருக்கும். ஒரே தடவையில் மொத்த ரத்தத்தில் 13 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. 47 கிலோ பெண்ணுக்கு ஏறக்குறைய 3,050 மில்லி. அதில் 350 எடுக்கலாம், 450 எடுக்கக் கூடாது. முதல் இடத்தில் 450 மில்லி பை மட்டும் இருந்திருக்கும்.

‘450 பையிலேயே குறைவாக எடுத்திருக்கலாமே’ என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. 350 மில்லி பையில் 49 மில்லி, 450 மில்லி பையில் 63 மில்லி என்று உறைதடுப்புத் திரவம் அளந்து ஊற்றப்பட்டிருக்கும். ரத்தம் குறைந்தால் அந்த விகிதம் கெட்டுவிடும். எடையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். மயங்கி விழப்போவது நீங்கள்தான்.

கேள்வி: முதல் முறை கொடுத்தபோது நன்றாகவே இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கழிவறையில் மயங்கி விழுந்தேன். இனி கொடுக்கவே கூடாதா?

பதில்: கொடுக்கலாம், முன்தயாரிப்போடு. இது பலவீனத்தின் அடையாளம் அல்ல. வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடித்துடிப்பு குறைந்து, ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. முதல் முறை கொடுப்பவர்கள், இளவயதினர், எடை குறைந்தவர்கள், தூங்காமல் வந்தவர்கள் ஆகியோருக்கு அதிகம் வரும்.

முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டிருக்க வேண்டும். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவு வேண்டாம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பால்போல் கலங்கி வீணாகும். ஊசி போடுவதற்குச் சுமார் கால் மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். இது மிக எளிது, பலனும் உறுதி. ஆனாலும் பலரும் மறப்பது இதைத்தான்.

படுத்திருக்கும்போது தொடையையும் பிட்டத்தையும் ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி தளர்த்துங்கள். மூச்சை அடக்காமல் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் கால்களில் தேங்கும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, காது அடைப்பு, குமட்டல், கண் இருட்டுதல் இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்பட்டவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். ஊழியர் தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, தேவையானால் ஊசியை எடுத்துவிடுவார்.

முடிந்ததும் படுத்தபடியே பத்து நிமிடம். பிறகு காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். அங்கேயே இன்னும் கால் மணி நேரம் இருந்து ஏதாவது குடியுங்கள். உங்களுக்கு வந்தது தாமத மயக்கம். அதற்கென்று சில இடங்கள் உண்டு: நின்றபடி சிறுநீர் கழிக்கும்போது, வெந்நீர்க் குளியலில், மாடிப்படியில், நெரிசலில் நிற்கும்போது. தலை சுற்றினால் நாற்காலியைத் தேடாதீர்கள், இருந்த இடத்திலேயே தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். அன்று உயரத்தில் ஏறும் வேலையும் கனரக வாகனம் ஓட்டுவதும் கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் இரண்டாம் முறை விழுந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். வலிப்பு வந்திருந்தாலோ அடிபட்டிருந்தாலோ மருத்துவரிடம் கேட்காமல் மறுபடி போக வேண்டாம்.

கையையும் கவனியுங்கள். ஊசி எடுத்ததும் முழங்கையை மடக்குவது பழைய பழக்கம், தவறானது. நிமிர்த்தினால் துளை திறந்து தோலுக்கடியில் ரத்தம் கட்டும். கையை நீட்டிவைத்தே பஞ்சை அழுத்துங்கள். கன்றிப்போனால் முதல் நாள் குளிர் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெந்நீர் ஒத்தடம். ஊசி நுழையும்போது விரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் வலித்தால் நரம்பைத் தொட்டிருக்கிறது. பொறுத்துக்கொள்ளாமல் அப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பச்சை குத்தி மூன்று மாதம்தான் ஆகிறது என்று மறுத்தார்கள். எடுக்கும் ரத்தத்தை எப்படியும் பரிசோதிக்கிறார்களே?

பதில்: பரிசோதனை கண்டுபிடிக்க முடியாத நாட்கள் சில உண்டு. கிருமி உடலில் நுழைந்துவிட்டது, ஆனால் கருவிக்குச் சிக்கும் அளவுக்குப் பெருகவில்லை. இந்த இடைவெளியில் எடுத்த ரத்தத்தில் முடிவு ‘இல்லை’ என்றே வரும், பெறுபவருக்கோ தொற்றிவிடும். மரபணுவைத் தேடும் நவீன பரிசோதனை இந்த இடைவெளியைச் சுருக்கியிருக்கிறது, முற்றிலும் ஒழிக்கவில்லை. அதனால்தான் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றையும் மனத்தில் வைத்துக் காத்திருக்கச் சொல்கிறார்கள். மூன்று மாதம் முதல் ஓராண்டுவரை இடத்துக்கு இடம் மாறும்.

எச்.ஐ.வி. இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ரத்ததானத்தைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு ரகசியம் காக்கும் பரிசோதனை மையங்கள் இருக்கின்றன.

கேள்வி: தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கொடுக்கலாமா?

பதில்: பெரும்பாலும் மாத்திரை தடையாக இருப்பதில்லை, அது எதற்காக என்பதுதான் கேள்வி. கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் மாத்திரை எடுப்பவர்களைப் பல இடங்களில் ஏற்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை என்றால் அநேகமாகச் சரி. இன்சுலின் என்றால் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆஸ்பிரின் எடுத்தவர் முழு ரத்தம் கொடுக்கலாம், தட்டணு (பிளேட்லெட்) கொடுக்கக் கூடாது. அந்த மருந்து பட்ட தட்டணு தன் ஆயுள் முடியும்வரை சரியாக வேலை செய்யாது. ஆன்டிபயாட்டிக் என்றால் நோய் முழுதும் தீரும்வரை காத்திருங்கள்.

கவனிக்க வேண்டியவை சாதாரணமாகத் தோன்றும் மருந்துகள்தான். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டரைடு இரண்டுக்கும் நிறுத்தியபின் ஒரு மாதம். டுடாஸ்டரைடுக்கு ஆறு மாதம். சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெட்டினுக்கு மூன்று ஆண்டு. உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போனால் வயிற்றில் உள்ள சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். படிவத்தில் இவற்றை மறைக்காதீர்கள். மாத்திரை அட்டையையே கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: சிறுவயதில் மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. நிரந்தரமாகத் தகுதி இழந்தேனா?

பதில்: எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது. பிறந்த சில நாட்களில் வந்தது கணக்கில் வராது. பித்தப்பைக் கல்லால் வந்தது தொற்று அல்ல. ஹெபடைட்டிஸ் ஏ, ஈ முற்றிலும் குணமாகும். குறிப்பிட்ட காலம் காத்தால் போதும். பி, சி என்றால் நிரந்தரத் தடை. பழைய பரிசோதனைத் தாள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு ரத்தம் தேவைப்பட்டது. ஒரே வகை. என்னிடம் எடுக்கவில்லை. ஏன்?

பதில்: இனியும் குழந்தை பெறும் வயதில் இருப்பவர் என்றால், கணவரின் ரத்தத்தைத் தவிர்ப்பது நல்லது. உங்கள் அணுக்களுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் அவர் உடலில் உருவாகிவிட்டால், உங்களிடமிருந்து அந்தக் கூறைப் பெறும் குழந்தையை அடுத்த கர்ப்பத்தில் அது தாக்கலாம்.

பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் கொடுப்பதில் ஆபத்து வேறு. திசு ஒற்றுமை அதிகம் என்பதால் கொடுத்தவரின் வெள்ளணுக்களைப் பெறுபவரின் உடல் அந்நியமாகக் கண்டு அழிப்பதில்லை. அவை பெருகித் தோல், கல்லீரல், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றையும் தாக்கும். அரிதாகத்தான் வரும், வந்தால் பிழைப்பது கடினம். அதனால் நெருங்கிய உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்றுவார்கள். வேறொருவருக்குப் போகும்படி நீங்கள் கொடுங்கள், மனைவிக்கு வேறொருவர் ரத்தம் ஏறட்டும்.

கேள்வி: கொடுத்த சில வாரங்களில் ‘ஒரு பரிசோதனையில் எதிர்வினை தெரிந்தது, நேரில் வரவும்’ என்று தகவல் வந்தது. தூக்கம் போய்விட்டது.

பதில்: எதிர்வினை தெரிந்ததாலேயே நோய் உறுதியாகிவிடாது. ஒரு நோயாளிகூடத் தப்பக் கூடாது என்பதற்காகவே முதல்நிலைப் பரிசோதனையை மிகுந்த கூருணர்வோடு அமைத்திருக்கிறார்கள். அதனால் நோயே இல்லாத சிலரும் அதில் சிக்குவார்கள். போகாமல் இருந்துவிடாதீர்கள். தனியறையில் ஆலோசகர் பேசுவார். புதிதாக ரத்தம் எடுத்து உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்வார்கள். உறுதியானால் சிகிச்சை சீக்கிரமே தொடங்கும். ஹெபடைட்டிஸ் சி இன்று பெரும்பாலோருக்கு மாத்திரையாலேயே குணமாகிறது. நோய் இல்லை என்று வந்தாலும், மீண்டும் கொடுக்கலாமா, எப்போது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 1990களில் பிரிட்டனில் படித்தேன். அதைச் சொல்லி நிரந்தரமாக மறுத்தார்கள். இன்னும் அப்படித்தானா?

பதில்: மாட்டிறைச்சி வழியே பரவிய மூளை நோயை முன்னிட்டு, 1980க்கும் 1996க்கும் இடையே அங்கே தங்கியிருந்தவர்களைப் பல நாடுகள் தடுத்தன. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் 2022இல் அந்தத் தடையை நீக்கிவிட்டன. பழைய மறுப்பு என்றால் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கொடுத்த மறுநாள் காய்ச்சல் வந்தது. இனிச் சொல்லி என்ன பயன்?

பதில்: உடனே சொல்ல வேண்டும். சிவப்பணு குளிர்பெட்டியில் 35 நாள், அதோடு சேர்க்கும் பாதுகாப்புக் கரைசலைப் பொறுத்து 42 நாள்வரை இருக்கும். ஆனால் தட்டணு அறை வெப்பத்தில் ஐந்து நாள்தான் இருக்கும். அந்தச் சூட்டில் பாக்டீரியாவும் பெருகும். கொடுத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ அது யாருக்காவது ஏறிவிடலாம். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை எது வந்தாலும், அல்லது படிவத்தில் சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தாலும், ரத்த வங்கிக்கு ஃபோன் செய்யுங்கள். உங்களிடம் கொடுத்த சீட்டில் பையின் எண் இருக்கும். அதைச் சொன்னால், பை எங்கே இருந்தாலும் நிறுத்தி வைப்பார்கள்.