ஐரிஷ் மரபு இசையைப் பாதுகாக்க ஒலிப்பதிவு போதுமா, ஸ்வரமாகவும் எழுத வேண்டுமா?

இரண்டும் வேண்டும். ஆனால் ஒலிதான் மூலம், எழுத்து அதைத் தேட உதவும் சாவி.

1935-ல் தொடங்கிய ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் மெழுகு உருளைகளில் கதைகளைப் பதிந்தது. படியெடுத்து முடித்ததும், காசு மிச்சம் பிடிக்க மெழுகைச் சீவிவிட்டு அதிலேயே அடுத்தவரைப் பதிந்தார்கள். பல கதைகளுக்குச் சொல் இருக்கிறது, குரல் இல்லை.

இசையில் இழப்பு இன்னும் பெரிது. சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல் 1903-ல் 1,850 மெட்டுகளை அச்சிட்டார். பெரும் சேகரம்தான், ஆனால் பெரும்பாலும் எலும்புக்கூடு. ஜிக் என்ற நடன மெட்டில் 'ஜி' (G) ஸ்வரம் எட்டிலொரு பங்கு ஸ்வரங்கள் மூன்றின் நீளம் நின்றால், ஃபிடில்காரர் அதை வெறுமனே இழுக்க மாட்டார். நடுவில் மேல் ஸ்வரத்தை ஒரு முறை வெட்டி, கீழ் ஸ்வரத்தை ஒரு முறை தட்டி, மூன்று 'ஜி'யாக உடைப்பார். இதுதான் ரோல். அந்த வெட்டு எந்த நொடியில் விழுகிறது என்பதைக் காகிதம் சொல்லாது.

போனில் பதிவதென்றால் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைத்துவிடுங்கள். இரைச்சல் நீக்கம் புல்லாங்குழலின் மூச்சொலியைத் தின்றுவிடும். எம்பி3 வேண்டாம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு. உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். மேசையில் வைத்தால் கால் தாளம் மரத்தின் வழியே இடியாக ஏறும், கீழே மடித்த துணி போடுங்கள். தனியாக ஒரு முறை மெதுவாக, பிறகு வழக்கமான வேகத்தில்.

எழுத, மெட்டை ஆங்கில எழுத்துகளாலேயே தட்டச்சு செய்யும் ஏபிசி குறிமுறை போதும். மெட்டின் எண்ணைத் தரும் 'எக்ஸ்' (X) வரி முதலில், 'டி' (T) வரியில் பெயர், சுருதியும் ஸ்வர வரிசையும் சொல்லும் 'கே' (K) வரி தலைப்பின் கடைசியில். அதற்குப் பிறகு வருவது மெட்டு என்றே மென்பொருள் படிக்கும். அதிகம் தவறுவது இந்த 'கே' வரியில்தான்: 'ஈ'யில் முடிகிறதே என்று ஈ மைனர் போடுவார்கள். மெட்டு டோரியன் என்ற ஸ்வர வரிசையில் இருந்தால் 'சி'யும் (C) ஷார்ப், அதாவது அரை ஸ்வரம் மேலே. மைனர் என்று போட்டால் ஒவ்வொரு 'சி'யும் தப்பாக ஒலிக்கும்.

பெயர் தெரியாவிட்டால் புதுப்பெயர் சூட்டாதீர்கள். 'பெயரில்லை' என்று பொருள்படும் 'கன் அனிம்' என்றே ஐரிஷ்காரர்கள் எழுதுகிறார்கள். மூலத்தைக் குறிக்கும் 'எஸ்' (S) வரியில் வாசித்தவர், ஊர், தேதி, அவர் யாரிடம் கற்றார் என்பதைச் சேருங்கள். மெட்டு பொதுச்சொத்தாக இருக்கலாம், அவர் வாசித்த பதிவு அப்படியல்ல. பகிரும் முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். டப்ளினில் 1987 முதல் இயங்கும் ஐரிஷ் மரபு இசை ஆவணக்காப்பகத்துக்கு ஒரு பிரதி கொடுப்பதாக இருந்தால், அதையும் அந்தச் சம்மதக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.