தூங்காத இரவும் ஓய்வுக் கணக்கில்: ஜப்பானின் எமர்ஜென்சி மருத்துவர்கள் பற்றிக் கேள்வி பதில்

ஜப்பானில் மருத்துவமனை ஊழியர்களின் வேலை நேரமும் உடல்நலமும்தான் நான் வேலை பார்க்கும் துறை. அங்குள்ள எமர்ஜென்சி மருத்துவர்கள் ஏன் இப்படித் தேய்ந்து போகிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். சில கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மருத்துவ மாணவி, கோவை): அக்கா, பர்ன்அவுட் என்பது நோயா, வெறும் களைப்பா? நாலு நாள் லீவு போட்டுத் தூங்கினால் சரியாகாதா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இதை நோயாகச் சேர்க்கவில்லை; வேலையால் உண்டாகும் ஒரு நிலை என்றே வைத்திருக்கிறார்கள். அதற்கு மூன்று பக்கங்கள் உண்டு. மனம் வற்றிப்போவது ஒன்று. நோயாளியை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது இன்னொன்று. நான் செய்வதால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது மூன்றாவது. களைப்பு என்றால் தூங்கினால் போகும். இரண்டாவது பக்கம் தூக்கத்தால் போவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட நோயாளியைப் படுக்கை எண்ணால் குறிப்பிட ஆரம்பிப்பது, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் எரிச்சல் வருவது, இதெல்லாம் அதன் அடையாளம். அவர்கள் கெட்ட மருத்துவர்கள் இல்லை. பெரும்பாலும் மிகுந்த அக்கறையோடு அந்தத் துறைக்கு வந்தவர்கள்தான்.

கேள்வி (திருச்சி): விபத்து, ரத்தம், சாவு என்று தினமும் பார்ப்பதால்தானே மனம் விட்டுப்போகிறது?

ஓரளவுக்கு உண்மை. ஆனால் எமர்ஜென்சியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அது தெரிந்துதான் வருகிறார்கள். உயிர் போகும் நிலையில் வந்தவர் பிழைத்து நடந்து போவதைப் பார்ப்பது பெரிய பலம். அவர்களைத் தேய்ப்பது வேறொன்று. ஜப்பானில் 2003இல் ஆம்புலன்ஸ்கள் சுமார் 48 லட்சம் முறை புறப்பட்டன. 2023இல் சுமார் 76 லட்சம். மக்கள்தொகை குறைந்துகொண்டே வரும் நாட்டில் இது நடக்கிறது. கொண்டுவரப்படுவோரில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அட்மிஷனே தேவைப்படுவதில்லை. தனியாக வாழும் 88 வயதுப் பாட்டி கீழே விழுந்து வருகிறார் என்று வையுங்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் நள்ளிரவில் அவரை எந்த வீட்டுக்கு, யாரை நம்பி அனுப்புவது? மருத்துவர் சிகிச்சையை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் போனில் நிற்கிறார், இடம் தேடி. அதற்குள் அடுத்த ஆம்புலன்ஸ் கேட்கிறது, "எடுத்துக்கொள்வீர்களா?" என்று. முடியாது என்று சொல்லவேண்டி வருகிறது. அந்த 'முடியாது'தான் பலரை உள்ளே அரிக்கிறது.

கேள்வி (அரசு மருத்துவமனை டியூட்டி டாக்டர், சென்னை): மேடம், 2024இல் அங்கே மருத்துவர்களின் ஓவர்டைமுக்கு உச்சவரம்பு வந்துவிட்டது என்று படித்தேன். அப்புறமும் ஏன் பிரச்சினை?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

மற்ற தொழிலாளர்களுக்கு 2019 ஏப்ரலில் வரத் தொடங்கிய வரம்பு, மருத்துவர்களுக்கு மட்டும் ஐந்து ஆண்டு தள்ளிவைக்கப்பட்டு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பொது வரம்பு ஆண்டுக்கு 960 மணி நேர ஓவர்டைம். எமர்ஜென்சி நோயாளிகளை அதிகம் ஏற்கும் மருத்துவமனைகள் தனி அனுமதி பெற்றால் 1860 மணி வரை போகலாம். தீவிரப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்கும் இதே 1860 உண்டு. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: மாதம் 80 மணி, மாதம் 155 மணி. ஜப்பானில் ஒருவர் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறந்தால், அது 'கரோஷி'தானா, அதாவது அளவுமீறிய வேலையால் வந்த சாவா என்று பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. கடைசி மாதத்தில் 100 மணி ஓவர்டைம், அல்லது இரண்டு முதல் ஆறு மாதங்களின் சராசரி 80 மணி. ஆக, பொது வரம்பே சாவுக்கோட்டின் மேல் நிற்கிறது. சிறப்பு வரம்பு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மருத்துவமனைகளுக்கான இந்தச் சிறப்பு வரம்பை 2035 நிதியாண்டின் முடிவுக்குள் எடுத்துவிடுவது இலக்கு. இப்போது எமர்ஜென்சியில் நிற்பவருக்கு அது ரொம்ப தூரம்.

இதைவிட என்னை வருத்துவது, எண்ணப்படாத மணிகள். இரவில் மருத்துவமனையில் தங்கியிருந்து, அவசரம் என்றால் மட்டும் எழுந்து பார்க்கும் டியூட்டிக்குப் பெயர் ஷுகுச்சோகு. வேலை மிகக் குறைவு, நன்றாகத் தூங்க முடியும் என்று தொழிலாளர் ஆய்வு அலுவலகம் அனுமதி கொடுத்தால், அந்த இரவு வேலை நேரக் கணக்கிலேயே வராது. 2020இல் இப்படிக் கொடுத்த அனுமதிகள் நூற்றுச் சொச்சம்; வரம்பு நெருங்கிய 2023இல் ஐயாயிரத்தைத் தாண்டின. நோயாளிகள் திடீரென்று இரவில் தூங்க ஆரம்பித்துவிடவில்லை.

இன்னும் ஒன்று. புதிய விதிப்படி, 1860 மணி வரம்பில் வரும் மருத்துவர்களுக்கு ஒரு டியூட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் 9 மணி நேர ஓய்வு வேண்டும். நல்ல விதி. ஆனால் அனுமதி பெற்ற ஷுகுச்சோகுவில் தொடர்ந்து 9 மணி நேரம் இருந்தால், அதையே ஓய்வாக எடுத்துக்கொள்ளலாம். இரவில் எழுந்து நோயாளி பார்க்க நேர்ந்தால் ஈடாக ஓய்வு தர நிர்வாகம் 'கவனம் எடுக்க வேண்டும்' என்பதோடு விதி நின்றுவிடுகிறது. ஆகவே காலையில் அவர் சட்டப்படி ஓய்வெடுத்தவர், உண்மையில் தூங்காதவர். நேரே வெளிநோயாளி பிரிவுக்குப் போகிறார். வரம்பை 1860இலிருந்து 960ஆக இறக்கினாலும், எதை எண்ணுகிறோம் என்பதில் நேர்மை இல்லையென்றால் மருத்துவரின் உடம்புக்கு எதுவும் மாறாது.

சுயபடிப்பு என்று ஒதுக்கப்படும் நேரமும் இப்படித்தான் எண்ணப்படாமல் போகிறது. 2022இல் கோபேயில் 26 வயதுப் பயிற்சி மருத்துவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். எமர்ஜென்சித் துறை அல்ல, ஆனால் விஷயம் ஒன்றே. இறப்பதற்கு முந்தைய மாதத்தில் அவருடைய ஓவர்டைம் 207 மணி நேரத்தைத் தாண்டியதாகத் தொழிலாளர் அலுவலகம் கணக்கிட்டு, வேலையால் நேர்ந்த சாவு என்று ஏற்றது. அந்த நேரமெல்லாம் வேலை அல்ல, படிப்பும் அதில் சேர்ந்திருக்கிறது என்பது மருத்துவமனை தரப்பு வாதம். அடுத்த நாள் அறுவைக்காக இரவு உட்கார்ந்து படிக்கும் இளைஞர் எந்தக் கணக்கில் வருவார்? என் பார்வையில் அது வேலைதான்.

கேள்வி (சேலம்): மருத்துவர் நோயாளியை மறுக்கவே கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறதாமே?

1948ஆம் ஆண்டின் மருத்துவர் சட்டம் 19ஆம் பிரிவு, தகுந்த காரணமின்றி மறுக்கக் கூடாது என்கிறது. வேலை நேரத்துக்கு வெளியே பார்க்காவிட்டால் பொதுவாகப் பொறுப்பு சுமத்தப்படாது என்று சுகாதார அமைச்சகம் 2019 டிசம்பரில் விளக்கம் கொடுத்தது. ஆனால் பல தலைமுறையாக ஊறிய எண்ணம் ஒரு சுற்றறிக்கையால் மாறுவதில்லை.

கேள்வி (யோகோஹாமா, ஐடி ஊழியர்): நாங்கள் இங்கே குடும்பத்தோடு இருக்கிறோம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் 119ஐக் கூப்பிடவே தயக்கமாக இருக்கிறது. அவர்கள் பாரத்தைக் கூட்டுகிறோமோ?

வலிப்பு, மூச்சுத்திணறல், கூப்பிட்டால் பதில் இல்லாத நிலை என்றால் ஒரு நொடிகூட யோசிக்காமல் 119. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. பல இடங்களில் மொழிபெயர்ப்பாளரைப் போனில் சேர்த்துக்கொள்வார்கள். சந்தேகம் என்றால் 7119 எண்ணுக்கு முன்னால் ஹாஷ் சேர்த்து அழையுங்கள். போக வேண்டுமா, காலை வரை பொறுக்கலாமா என்று சொல்வார்கள். குழந்தைக்கென்றே 8000, அதற்கும் முன்னால் ஹாஷ். மியே மாகாணத்தின் மட்சுசாகா நகரில் 2024 ஜூனிலிருந்து, ஆம்புலன்ஸில் வந்து அட்மிஷன் தேவைப்படாதவர்களிடம் மூன்று பெரிய மருத்துவமனைகள் 7700 யென் வாங்குகின்றன. கூட்டம் குறையலாம். ஆனால் பணத்துக்குப் பயந்து தாமதிக்கும் தனித்த முதியவரை நினைத்தால் எனக்கு அந்த வழியில் மனம் ஒப்பவில்லை.

கேள்வி (செவிலியர், யாழ்ப்பாணம்): இவ்வளவு பணக்கார நாட்டில் ஏன் அக்கா கூடுதல் டாக்டர்மாரைப் போட ஏலாது?

ஆயிரம் பேருக்கு சுமார் 2.6 மருத்துவர்தான் அங்கே. வளர்ந்த நாடுகளின் சராசரி 3.7. ஆனால் எண்ணிக்கையைவிட அவர்கள் சிதறிக் கிடப்பதே பெரிய சிக்கல். சுமார் 8000 மருத்துவமனைகள், அவற்றில் பெரும்பாலானவை சிறிய தனியார் மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் இரவில் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். அவர் எமர்ஜென்சி படித்தவராகக்கூட இருக்கமாட்டார். எட்டு இடத்தில் எட்டுப் பேர் தனித்தனியாக இருப்பதற்குப் பதில், இரண்டு இடத்தில் நாலு நாலு பேராக உண்மையான ஷிஃப்டில் நின்றால், மாற்று ஆள் வந்ததும் வீட்டுக்குப் போகலாம், மறுக்கவும் வேண்டியதில்லை. உள்ளூர் மருத்துவமனையின் இரவு விளக்கை அணைக்க எந்த ஊரும் சம்மதிப்பதில்லை என்பதுதான் தடை. உங்களைப் போல மருத்துவர் அல்லாத ஊழியர்களின் பங்கும் பெரிது. 2021 அக்டோபரிலிருந்து ஆம்புலன்ஸில் இருக்கும் உயிர்காப்புப் பணியாளர்கள் மருத்துவமனைக்கு உள்ளேயும் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. படுக்கை தேடும் போனை அவர்கள் கையில் கொடுத்தாலே ஒரு மருத்துவருக்கு இரவில் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

கேள்வி (ஒசாகா): என் கணவர் ஜப்பானியர், எமர்ஜென்சி மருத்துவர். டியூட்டி முடிந்து வந்தால் யாரிடமும் பேசுவதில்லை. சாப்பாட்டைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் என்ன செய்வது?

அம்மா, முதலில் அவரைப் பேச வைக்க முயல வேண்டாம், தூங்கவிடுங்கள். ஆனால் லீவு நாளிலும் அப்படியே இருந்தால், பிடித்ததில்கூட நாட்டம் இல்லையென்றால், தள்ளிப்போடாதீர்கள். அவர் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஷுகுச்சோகு இரவுகளையும் சேர்த்து. மாத ஓவர்டைம் 100 மணியைத் தொடும் நிலை வந்தால், அதற்கு முன்பே பயிற்சி பெற்ற வேறொரு மருத்துவர் அவரைச் சந்தித்துப் பேச வேண்டும் என்பது 2024 முதல் மருத்துவமனையின் சட்டப்படியான கடமை. அந்தச் சந்திப்பு நடந்ததா என்று கேளுங்கள். நடக்கவில்லையென்றால் மாகாணத் தொழிலாளர் அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். குடும்பத்தினர் கேட்டாலும் பதில் சொல்வார்கள். சாக வேண்டும் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அடுத்த டியூட்டி எதுவாக இருந்தாலும் சரி.