தோலில் வரும் மென்தசைப் புற்று: கேள்வி பதில்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அப்பாவுக்கு 62 வயது. கெண்டைக்காலில் இருந்த முடிச்சைக் கொழுப்புக் கட்டி என்று எடுத்தார்கள். அறிக்கையில் லியோமயோசார்கோமா (மென்தசைப் புற்று) என்று வந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தா ஐயா?

பதில்: அது எந்த ஆழத்தில் முளைத்தது என்பதைப் பொறுத்தது. மயிர் சிலிர்க்கும்போது முடியை நிமிர்த்தும் நுண்ணிய தசையிலிருந்து தோலுக்குள்ளேயே தோன்றும் வகை, முழுமையாக அகற்றப்பட்டால் வேறு உறுப்புகளுக்குப் பரவுவது அரிது. அதற்கும் கீழே, கொழுப்பு அடுக்கில் இரத்தக்குழாய்ச் சுவரின் தசையிலிருந்து கிளம்பும் வகையோ நுரையீரலை எட்டும் வாய்ப்பு கணிசமாக அதிகம் என்பதால், மார்புக்கு சி.டி. ஸ்கேன் அவசியம். எந்த அடுக்கு, எத்தனை சென்டிமீட்டர், வெட்டிய விளிம்பில் புற்றணுக்கள் உண்டா என்பவற்றை அறிக்கையில் தேடிப் பாருங்கள்.

கேள்வி (வேலந்தாவளம்): கட்டியை எடுத்த பிறகும் அதே இடத்தில் மீண்டும் அறுவை செய்ய வேண்டும் என்கிறார்களே?

பதில்: சாதாரணக் கட்டி என்று எண்ணி ஒட்டி எடுத்திருந்தால், விளிம்பில் வேர் தங்கியிருக்கக்கூடும். சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. நல்ல தோலோடு அகற்றுவதே பொதுவான முறை. கதிர்வீச்சு அதற்குத் துணை, மாற்று அன்று.

கேள்வி (சித்தூர்): பாலக்காட்டில் பயாப்ஸி செய்தோம். கோயம்புத்தூரில் காட்டினால் மறுபடியும் சதை எடுப்பார்களா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்லைடுகளோடு, எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். பலர் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வாளையாறு எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். மெலனோமா என்ற நிறமி அணுப் புற்றும் வேறு சில புற்றுகளும் நுண்ணோக்கியில் இதே கதிர்வடிவ அணுக்களாகத் தெரிவதால், பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவிய துண்டுகளில் தசைப் புரதங்களான ஆக்டின், டெஸ்மின், கால்டெஸ்மான் ஆகியவற்றைக் காட்டும் சாயம் ஏறுகிறதா, மற்றப் புற்றுகளைக் காட்டும் எஸ்-100, கெராட்டின் சாயங்கள் ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெயரை உறுதி செய்ய முடியும். வெயிலில் நிற்கும் காருக்குள் பிளாக்கை வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

கேள்வி (கோவிந்தாபுரம்): என் தோளில் பல சிறு முடிச்சுகள், குளிரில் வலிக்கின்றன. அக்காவுக்கு இளவயதிலேயே கர்ப்பப்பையில் நார்க்கட்டி. எனக்கும் இந்தப் புற்றுதானா?

பதில்: நீங்கள் சொல்வது லியோமயோமா என்ற புற்றல்லாத மென்தசைக் கட்டியை ஒத்திருக்கிறது; ஒன்றையாவது பயாப்ஸி செய்து உறுதிப்படுத்துங்கள். ஆனால் அக்காவைப் பற்றிய செய்தியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். எஃப்.எச். என்ற மரபணுவில் பிழை உள்ள குடும்பங்களில் இத்தகைய தோல் முடிச்சு, கர்ப்பப்பை நார்க்கட்டி இரண்டோடு கடுமையான சிறுநீரகப் புற்றும் வரக்கூடும். இரத்தப் பரிசோதனையில் அந்தப் பிழை உறுதியானால் ஆண்டுதோறும் சிறுநீரகத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அக்காவையும், உங்கள் இருவரின் பிள்ளைகளையும் மரபணு ஆலோசனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.