லண்டன் கியோட்டோ தோட்டத்தில் கோய் மீன்களை நன்றாகப் பார்க்க எந்த மாதம், எந்த நேரம் போகவேண்டும்?

அக்டோபர் கடைசி இரண்டு வாரம், வார நாள், காலை எட்டிலிருந்து பத்துக்குள். ஒரே ஒரு தடவைதான் போகமுடியும் என்றால் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

காரணம், அங்கே இலைக்கு ஒரு பருவம், மீனுக்கு ஒரு பருவம். ஜப்பானிய மேப்பிள் மரங்கள் அக்டோபர் நடுவில் சிவக்கத் தொடங்கி, நவம்பர் பாதிக்குள் பெரும்பாலும் கொட்டிவிடும். கோய் குளிர்ரத்த உயிரினம். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இரை எடுப்பது ஏறக்குறைய நின்றுவிடும்; குளத்தின் ஆழமான பகுதிக்குப் போய் அசையாமல் கிடக்கும். நவம்பர் கடைசியில் போய்விட்டு 'மீனே இல்லை' என்று சொல்கிறவர்கள் பார்க்கத் தவறியது இதைத்தான். இலையின் நிறமும் மீனின் நடமாட்டமும் ஒருசேரக் கிடைப்பது அந்த இரண்டு வாரத்தில். ஏப்ரலில் செர்ரி பூக்கும், மீனும் மறுபடி நடமாடத் தொடங்கிவிடும். ஆனால் வசந்த காலத்தில் நீர்ச்செடிகள் வளர்வதற்கு முன் பாசி முந்திக்கொண்டால் எந்தக் குளத்திலும் தண்ணீர் பச்சையாகக் கலங்கும். அது அந்தந்த ஆண்டின் அதிர்ஷ்டம்.

பெரிய எதிர்பார்ப்போடு போகாதீர்கள். ஹாலண்ட் பார்க் 22 ஹெக்டேர் பூங்கா. அதில் ஒரு மூலைதான் கியோட்டோ தோட்டம். கியோட்டோ வர்த்தக சபையின் அன்பளிப்பாக 1991-இல் திறந்தார்கள். குளத்தைச் சுற்றி நடக்கப் பத்து நிமிடம் போதும். பக்கத்திலேயே 2012-இல் திறந்த ஃபுகுஷிமா தோட்டம்: 2011 நிலநடுக்கத்தின்போது பிரிட்டன் செய்த உதவிக்கு ஜப்பானியர் சொன்ன நன்றி. நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை.

மீன் பார்க்க எங்கே நிற்பது? கோடை வெயிலில் என்றால் அருவி விழும் பக்கம். 10 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் அது 8-க்குச் சற்று மேல்தான். விழும் நீர் காற்றைக் கலந்து தருவதால் மீன்கள் அங்கே கூடும். ஆனால் அங்கே அலை அதிகம், படம் சரியாக வராது. இலையுதிர் காலத்தில் அந்தக் கட்டாயம் இல்லாததால் அமைதியான ஓரங்களுக்கும் வரும். கற்பலகைப் பாலத்தின் மேல் நின்றுதான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அது கைப்பிடி இல்லாத, குறுகலான பாலம். மழை பெய்திருந்தால் வழுக்கும். குழந்தை வண்டியோடு ஏறாமல் கரைப் பாதையிலேயே சுற்றிவிடுங்கள்.

போனில் எடுத்த படத்தில் மீனுக்குப் பதில் வானம்தான் வருகிறதா? போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் அதை லென்ஸுக்கு முன்னால் பிடித்து, பிரதிபலிப்பு மங்கும்வரை மெதுவாகத் திருப்புங்கள். தண்ணீர்ப் பரப்புக்கு 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது இது மிக நன்றாக வேலை செய்யும். நீர்மட்டத்தை ஒட்டிய கரையில் நிற்பவருக்கு, ஏறக்குறைய இரண்டு மீட்டர் முன்னால் இருக்கும் தண்ணீர்தான் அந்த இடம். நேர் கீழே பார்த்தால் கண்ணாடியால் பெரிய பயன் இல்லை.

கோய் என்பது மேலிருந்து பார்த்து ரசிக்கவே வளர்த்தெடுத்த கெண்டை. ஜப்பானின் நீகாட்டா மலைக்கிராமங்களில் உணவுக்காக வளர்த்த கெண்டைகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் பிரித்தெடுத்தது. முதுகுப் பக்கத்தைப் பார்த்தே ரகம் சொல்லிவிடலாம்: வெள்ளையில் சிவப்புத் திட்டு மட்டும் என்றால் கோஹாகு. அதோடு சிறு கறுப்புப் புள்ளிகள் உடம்பில் மட்டும் இருந்தால் சாங்கே. கறுப்பு தலையிலும் ஏறியிருந்தால் பெரும்பாலும் ஷோவா. வேறு திட்டே இல்லாமல் உலோகம்போல் மின்னும் ஒற்றை நிறம் ஓகோன். இதைத் தெரிந்துகொண்டு போனால் பத்து நிமிடத் தோட்டம் ஒரு மணி நேரம் இழுக்கும்.

கோயில் தெப்பக்குளத்தில் பொரி போட்டுப் பழகிய கை சும்மா இருக்காது. இங்கே அடக்கிக்கொள்ளுங்கள். கெண்டைக்கு வயிறு கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. குளிரில் செரிமானம் மந்தமாகும். தின்னாத ரொட்டி அழுகி அமோனியாவாகும். கைநீட்டியதும் வாயைப் பிளந்துகொண்டு வருவது பழக்கம்தான், பசி என்று நினைத்து இரங்கவேண்டாம். காசும் போடாதீர்கள். ஒன்று, இரண்டு பென்ஸ் நாணயங்கள் 1992 வரை வெண்கலம், அதன்பின் செம்பு பூசிய எஃகு. தண்ணீரில் கரையும் செம்பு சிறு அளவிலேயே மீனின் செவுளைப் பாதிக்கும். பூங்காவில் உலவும் மயில்களுக்கும் தீனி வேண்டாம்.

சுரங்க ரயிலின் சென்ட்ரல் லைனில் ஹாலண்ட் பார்க் நிலையம் அருகில். டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் லைனில் வந்தால் ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டனில் இறங்கவேண்டும்; அங்கிருந்து சற்று ஏற்றமாக நடக்கவேண்டும். தோட்டத்துக்காக மட்டும் லண்டனின் மறுகோடியிலிருந்து வருவது வீண் அலைச்சல். கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் ஜப்பானியப் பண்பாட்டு மையமான ஜப்பான் ஹவுஸும், பூங்காவின் தெற்கு விளிம்பில் டிசைன் மியூசியமும் இருக்கின்றன. காலையில் தோட்டம், பிறகு அவை என்று வைத்துக்கொண்டால் நாள் நிறையும். கோடைச் சனி, ஞாயிறு மதியம் மட்டும் வேண்டவே வேண்டாம், பாலத்தில் வரிசை நிற்கும். பூங்கா காலை 7:30-க்குத் திறந்து, இருட்டுவதற்கு அரை மணி முன்பே மூடுகிறது. டிசம்பரில் சூரியன் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும் என்பதால், மதிய உணவை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்துவிடாதீர்கள்.